மறுபடி போன் வருவதற்குள்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ நலமாயிருக்க வேண்டிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். நீ விட்டுப்போன பழைய லேப்டாப்பில் இந்த மெயிலை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுகிறேன். போனில் சொல்ல முடியாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இன்று மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் கூப்பிட்டாள். உன் புதுக் கம்பெனிக்காக விவரம் சரிபார்க்கிறவளாம். கல்லூரியிலிருந்து இன்னும் பதில் வரவில்லையாம். உங்க பையன் கம்ப்யூட்டர் சயன்ஸ் பட்டம் எந்த வருஷம் வாங்கினார்மா என்று கேட்டாள். பிரார்த்தனை நேரம், நாளைக் காலையில் கூப்பிடுங்கள் என்று வைத்துவிட்டேன். பிறகு நிஜமாகவே பிரார்த்தனைக்கு உட்கார்ந்தேன், மனம்தான் நிற்கவில்லை.

மூன்றாம் வருடம் நீ படிப்பை விட்டபோது உன் பக்கம் நின்றவள் நான். நான் கட்டற வெப்சைட் ஒழுங்கா ஓடுதான்னுதான் பாப்பாங்க, பட்டத்தை எவன்மா பாக்கறான் என்றாய். பையன் பாதி இன்ஜினியர்னா பாதிச் சம்பளம்தானாக்கா என்று உன் மாமா கேலி செய்தபோதும் விட்டுக்கொடுக்காமல் பேசினேன். இப்போது நான் கேட்கிறேன்: பட்டம் வேண்டாம் என்று அத்தனை வாதாடியவன், இல்லாத பட்டத்தை வேலை விண்ணப்பத்தில் ஏன் எழுதினாய்?

அந்தக் கம்பெனியின் விளம்பரத்தைத் தேடிப் படித்தேன். வீட்டுக் கணக்கு பார்ப்பதுபோல வரிவரியாகத்தான் எனக்குப் படிக்க வரும். பட்டம், அல்லது அதற்கு ஈடான அனுபவம் என்று போட்டிருக்கிறார்கள். நீ கட்டிய வெப்சைட்டுகள் போதுமாயிருந்தன, கண்ணா. முதல் சொல்லைப் பார்த்தே பயந்துவிட்டாயா?

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். நீ படிப்பை விட்ட நாளிலிருந்து உன் பேச்சையே எடுக்காத மனிதர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். முடிச்சிட்டான்னு சொல்லேன்டி, வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்? என்று கத்தினார். பொய் என் வாயில் வராது என்றேன். உடனே என் போனை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். காலையில் அவரே பேசுவாராம். எந்த வருஷம் என்று சொல்ல வேண்டும் என்று கூடத்தில் நடந்துகொண்டே மனப்பாடம் செய்கிறார். இத்தனை வருடம் பஸ் ஓட்டியவர், வண்டி இடித்தால் தானே இறங்கிப்போய்த் தப்பை ஒப்புக்கொள்கிறவர்.

கல்லூரியின் பதில் இன்றில்லாவிட்டால் அடுத்த வாரம் வரும். அப்போது உன்னோடு அவரும் பொய்யராவார்.

விடிந்ததும் உன் மேலதிகாரியிடம் நீயே போய்ச் சொல்லிவிடு. வேலை போனாலும் போகட்டும், உன் கை வேலை எங்கும் போகாது. அந்தப் பெண் எங்களைக் கூப்பிட வேண்டிய தேவையே இல்லாமல் செய்துவிடு.

அப்படியே உன் அப்பாவுக்கும் ஒரு போன் போடு. என் போன் அவரிடம்தான் இருக்கிறது. எடுப்பார்.

உனக்குத் துணிவைக் கொடுக்கும்படி வேண்டிக்கொண்டிருக்கும்,
அம்மா