பதினொரு ஒன்றுகள்

12 ஜூன் 2025
என் மனுசனுக்குப் பாரிசவாதம் வந்து இன்றோடு நாற்பது நாள். வலது கை எழும்பவில்லை. வாயில் எண்கள் மட்டும் வருகின்றன. தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டால் "ஏழு" என்கிறார். சொன்னது தவறென்று தெரிந்து கண் கலங்குகிறது. முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்த மனிதர்.

பேச்சுப் பயிற்சி தரும் ஸ்ரெல்லா வந்தாள். "இடக்கையாலை நேர்கோடு கீறப் பழக்குங்கோ அன்ரி" என்றாள். கீறினார். பதினொரு கோடு. பிறகு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

13 ஜூன்
கோடுகளை எண்ணாக்கிவிட்டார்! 11111111111. கீழே 23 என்று எழுதி, தாளை என் பக்கம் தள்ளினார். வகுக்க வேண்டுமாம். சாதாரண தரப் பரீட்சையில் கணக்கில் கோட்டை விட்டவள் நான். போனை எடுத்தேன், தட்டிவிட்டார். கையால்தான் செய்ய வேண்டுமாம். அரை மணித்தியாலம் போனது. நான் எழுதுமுன் "பத்து" என்றார். மிச்சம் பத்தேதான். அடுத்து 67. பிறகு 89. இடையில் உள்ளவை எங்கே? குழம்பிவிட்டாரோ?

15 ஜூன்
அவரோடு படிப்பித்த அருளம்பலம் மாஸ்ரரிடம் போனில் கேட்டேன். சிரித்தார். "அவன் சரியாத்தான் போறான் பியாட்றிஸ். அந்த எண்ணை மிச்சமில்லாமல் பிரிக்கிற பகா எண் இருந்தால், அந்தப் பகா எண்ணை இருபத்திரண்டாலை வகுக்க ஒண்டு மிஞ்சோணும். மற்றதுகளைத் தொடத் தேவையில்லை."

"அப்பிடி ஒரு எண் இருக்கோ?"

"இருக்கு. சொல்லட்டோ?"

"வேண்டாம்."

என்ரை மனுசன் உள்ளுக்குள்ளை முழுசா இருக்கிறார்! குசினிக்குள் போய் அழுதேன்.

24 ஜூன்
நாளுக்கு மூன்று வகுத்தல். உண்மையைச் சொன்னால், இத்தனை வருடமும் எனக்குக் கணக்கின் மேல் எரிச்சல். என்னோடு கதைக்க வேண்டிய நேரத்தை அது தின்றது. இப்போது அதை நம்பித்தான் உட்காருகிறேன்.

3 ஜூலை
4027ஆல் வகுத்துக்கொண்டிருந்தேன். "பிழை!" என்றொரு சத்தம். ஒன்பதை நான் நாலாக எழுதியிருந்தேன் — ஆனால் அவர் சொன்னது எண் இல்லையே, சொல்!

"என்ன சொன்னனீங்கள்? திரும்பச் சொல்லுங்கோ."

"பிழை. பி… ழை."

வேண்டுமென்றே இன்னொரு பிழை விட்டேன். அதற்கும் ஏச்சு விழுந்தது.

11 ஆகஸ்ட்
களைத்துவிட்டேன். இன்று வகுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

12 ஆகஸ்ட்
வகுத்தேன்.

3 செப்டெம்பர்
21649. கடைசிக் கழித்தலில் ஒன்றும் மிஞ்சவில்லை. நம்பாமல் திரும்பச் செய்தேன். விடை 513239. இரண்டையும் பெருக்கினேன். பதினொரு ஒன்றுகளும் வரிசையாக வந்து நின்றன.

அவர் தாளை இடக்கையால் தடவினார். பிறகு என்னைப் பார்த்து, "கெட்டிக்… காரி" என்றார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து எனக்கு ஒருநாளும் சொல்லாத வார்த்தை.

26 ஒக்டோபர்
சுன்னாகம் மீன் சந்தையில் நிற்கும்போது போன் அடித்தது. அவர்தான். தானே எண்களை அழுத்தி எடுத்திருக்கிறார்.

"பாரை… வேண்டாம். விளைமீன்."

"பாரை வாங்கியாச்சு."

"ஏன்… கேக்கேல்லை?"

"வீட்டிலை இருந்துகொண்டு சட்டம் கதைக்க வேண்டாம்!"

நடுச்சந்தையில் நின்று சண்டை பிடித்தேன். சனம் பார்த்தது. பார்க்கட்டும். விளைமீனும் வாங்கிக்கொண்டு வந்தேன்.