தொட்டிக்கு மேலே ஆள் இல்லாத நேரம்

இன்று காலை பெங்களூர் ஒக்கலிபுரத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். மாநகராட்சி ஆட்கள் இரண்டு பேர் சாக்கடை மூடியைத் திறந்தார்கள். அழுகிய முட்டை நாற்றம் ஒன்று மேலே வந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். எனக்குக் கால் வரவில்லை. அவர்கள் உள்ளே இறங்கவில்லை, மூங்கிலால் குத்திவிட்டு மூடிவிட்டார்கள். அதுவரை நான் அங்கேயே நின்றேன். இரண்டு பஸ் போய்விட்டது.

உனக்கு இந்த நாற்றம் தெரியும். தங்கவயலில் சுரங்க வேலையை விட்டுவிட்டு, சந்தாபுராவுக்குப் பக்கத்தில் எங்கள் சாயத் தொழிற்சாலைக்கு நீ வந்து சேர்ந்த முதல் வாரமே கழிவுநீர்த் தொட்டியின் ஓரத்தில் நின்று முகர்ந்து பார்த்தாய். நாற்றம் அடிக்கும்வரை பயமில்லை, அடிப்பது நின்றுபோனால்தான் பயப்பட வேண்டும், விஷவாயு ஏறி மூக்கு மரத்துவிட்டது என்று அர்த்தம் என்றாய். நாங்கள் சிரித்தோம். உனக்கு 'மைன்ஸ்காரர்' என்று பேர் வைத்தோம்.

கேட் பக்கத்தில் ஒரு பலகை இருந்ததே, விபத்தில்லாத நாட்கள் இத்தனை என்று. அந்த எண் குறையக்கூடாது என்பதுதான் அங்கே எல்லோருக்கும் வேலை. நீராவி பட்டு என் முழங்கை வெந்தபோது, சூப்பர்வைசர் அதை விபத்தாக எழுதவில்லை. சொந்த வேலையாக லீவு என்று எழுதிக்கொண்டார். நான்கூட அது சரிதான் என்று நினைத்தேன். நீதான் சொன்னாய்: "போர்டுல நம்பர் ஏறுது. நம்ம ஒடம்புல தழும்பும் ஏறுது. ரெண்டையும் யாரும் சேத்துப் பாக்கறதில்லப்பா."

முகமூடிகளும் இருந்தன. ஆபீஸ் அலமாரியில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் பார்வையிட வரும் நாளில் எடுத்து மாட்டுவார்கள், அவர்கள் போனதும் பூட்டுவார்கள். நீ மூன்று முறை போய்க் கேட்டாய். பூட்டு திறக்கவில்லை. கடைசியில் நீயே ஒரு கயிறு வாங்கி வந்தாய். உள்ளே இறங்குகிறவன் இடுப்பில் ஒரு முனை, மேலே நிற்பவன் கையில் மறுமுனை. ஒரு இழுப்பு என்றால் நன்றாயிருக்கிறேன், இரண்டு இழுப்பு என்றால் தூக்கு. சுரங்கத்தில் பழகியதை எனக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தாய். நான் ஒருவன்தான் கேட்கத் தயாராக இருந்தேன்.

அன்றைக்கு மதியம் தொட்டியில் சேறு எடுக்க நீ இறங்கினாய். இறங்குவதற்கு முன் என்னைப் பார்த்து, "எங்கயும் போயிடாத" என்றாய். இடைவெளி விட்டு இரண்டு முறை கயிறு ஒற்றையாக இழுபட்டது. நானும் பதிலுக்கு இழுத்தேன். அப்போது சூப்பர்வைசர் வந்தார். லாரி நிற்கிறது, பீப்பாய் இறக்க ஆள் போதவில்லை, இரண்டே நிமிஷம் வா என்றார். ஆள் உள்ளே இருக்கிறார் என்றேன். தினமும் இறங்குகிறவர்தானே என்றார். நான் கயிற்றைப் பக்கத்துக் குழாயில் கட்டிவிட்டுப் போனேன்.

இரண்டு நிமிஷம் இல்லை. பீப்பாய் முழுவதும் இறக்கிவிட்டுத்தான் வந்தேன்.

கயிற்றை இழுத்தேன். பதில் இல்லை. கத்தினேன். நாலு பேர் சேர்ந்து உன்னைத் தூக்கினோம். குழாயில் நான் போட்ட முடிச்சு இறுகிப் போயிருந்தது, கத்தியால் அறுக்க வேண்டியிருந்தது. நீ எத்தனை முறை இரண்டு இரண்டாக இழுத்தாயோ. இரும்புக் குழாயை இழுத்திருக்கிறாய். இத்தனை வருஷமாக நான் எண்ணிக்கொண்டே இருக்கிறேன், எண்ணிக்கை வரவில்லை.

விசாரணைக்கு வாக்குமூலம் தயாராக இருந்தது. உத்தரவில்லாமல், முகமூடி அணியாமல், சொந்த அஜாக்கிரதையால் இறங்கினார் என்று எழுதியிருந்தார்கள். சூப்பர்வைசர் வாசித்துக் காட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் பலகையில் பூஜ்யம். அதற்கு மறுநாள் ஒன்று.

ஒன்பது வருஷம் உன் வீட்டுத் தெருப்பக்கம் நான் போகவில்லை. போன மாதம்தான் போனேன். உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "எம்புள்ளகிட்டயும் நீங்களே சொல்லிடுங்கண்ணா. அவங்கப்பா கவனமில்லாம செத்தாருன்னே நெனச்சி வளந்துட்டான்" என்றாள்.

அப்போது இரண்டாம் வகுப்பு படித்தவன், இப்போது பாலிடெக்னிக் போகிறான். நான் சொன்னதையெல்லாம் உன்னைப் போலவே தலையைச் சாய்த்துக் கேட்டான். நான் முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டான்: "அந்த சூப்பர்வைசர் கூப்பிட்டப்போ நீங்க வரமாட்டேன்னு சொல்லியிருந்தா, உங்கள என்ன பண்ணியிருப்பாங்க?"

நான் யோசித்தேன். எனக்கு முன்னால் அந்தத் தொழிற்சாலையில் ஒருவன் ஒரு வேலையை மறுத்திருக்கிறான். அவனை ஒரு வாரம் வீட்டில் உட்கார வைத்தார்கள். பிறகு கூப்பிட்டுக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

அதை அந்தப் பையனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.