உம்மாவின் காலில் வைத்த ஐஸ்

வெள்ளிக்கிழமை, இரவு இஷா தொழுகைக்குப் பிறகு

காலையில் உம்மாவுக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. மீன்பெட்டி ஐஸை எடுத்து, துணி சுற்றாமல் தோலின் மேலேயே வைத்துக் கட்டிவிட்டு, பக்கத்திலிருந்து நாவல் வாசித்தேன். நாற்பது பக்கம் போய்விட்டது. சீனி வருத்தத்தால், அதாவது நீரிழிவால், அந்தக் கால் மரத்துப்போனது என்று எனக்குத் தெரியும். அவிழ்த்தபோது தோல் மெழுகுபோல வெளுத்து விறைத்திருந்தது. பதறித் தேய்த்தேன். பின்னேரம் கொப்புளம் போட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

"ஐஸ நேரா தோலில வெச்சது யாரு? தேய்க்கவும் கூடாது. வெதுவெதுப்பான தண்ணியிலதான் காலை வெக்கணும். சீனிக்காரருக்குப் புண் வந்தா ஆறுறது லேசில்ல," என்றார் தாதி.

"நான்தான் மிஸ்ஸி. மகளுக்குத் தெரியா," என்றார் உம்மா.

மருந்தை வாங்கிக்கொண்டேன்.

படுக்கும்போது, "வலிக்குதா உம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல மகள், நீங்க படுங்க."

வலித்திருந்தால் நன்றாயிருக்கும்.