கல்லில் இருந்த கறுப்புக் கோடு

இன்று அட்லஸைத் திறந்தபோது அந்தக் காலண்டர் தாள் நழுவி விழுந்தது. மூன்று பக்கமும் மலை, நடுவே நீர், கரையோரம் வெள்ளை வீடுகள். கீழே ஸ்காட்லாந்தில் எங்கோ இருக்கும் அந்த ஊரின் பெயர். உன் படகில் சவாரி வந்த வெள்ளைக்காரர் தந்தது. ஓரத்தில் உன் கை டீசல் கறை இன்னும் போகவில்லை.

தொண்ணூறுகளில் முட்டுக்காடு டீக்கடையில் அதை விரித்து வைத்து நீ கேட்ட கேள்விகள் கொஞ்சமா? "வலைய எங்க காய வெப்பானுங்க? ஒரு ஆளயும் காணோமே, எல்லாம் எங்க பூட்டானுங்க?" பூகோள வாத்தியாரான எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. அந்த எரிச்சல் வேறு. கடைசியில், "இது உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா?" என்றாய். அப்பாடா, இதாவது தெரியுமே என்று, "மலைக்கு நடுவுல கீது, ஏரிடா. நல்ல தண்ணிதான்" என்றேன்.

நீ விடவில்லை. "கல்லு மேல கறுப்பா கோடு கீது பாரு வாத்தியாரே. தெனம் தண்ணி ஏறி எறங்குது. கடலு உள்ள பூந்துகீது."

கடைக்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. "படிச்சவன் நானா, நீயா?" என்று கத்தினேன். என்னோடு படித்து எட்டாவதோடு நின்றவனிடம் கேட்கிற கேள்வியா அது? நீ தாளை மடித்து என் பையில் செருகினாய். "என்னிக்கினா போனா, ஒரு வாய் வெச்சுப் பாத்து சொல்லு" என்றாய். அவ்வளவுதான்.

தினமும் படகை எடுக்குமுன் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பவன் நீ. கரிப்பு கூடியிருந்தால் முகத்துவாரம் திறந்து கடல் உள்ளே வந்திருக்கிறது என்பாய். அது தெரிந்தும் கத்தினேன். மன்னிப்புக் கேட்க இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அதற்குள் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

போன வருஷம், எடின்பரோவில் ஐ.டி. வேலை பார்க்கும் மகள் எங்களைக் கூப்பிட்டாள். எங்கே போகணும் என்றதற்கு இந்தத் தாளைத்தான் காட்டினேன். ஊர் படத்தில் இருந்தபடியே இருந்ததடா. ஆட்களெல்லாம் குளிருக்குப் பயந்து வீட்டுக்குள். வலையே இல்லை, கூண்டு போட்டு நண்டு பிடிக்கிறார்கள். கரையோரக் கல்லில் அதே கறுப்புக் கோடு. தொட்டால் வழுக்கும் பாசி. குனிந்து விரலை நனைத்தேன்.

"அப்பா, இன்னா பண்ற? வாயில வெக்காத!" என்று மகள் ஓடிவந்தாள்.

வைத்துவிட்டேன். கரித்தது, முட்டுக்காட்டுக் கரிப்பேதான். அந்தக் குளிரிலும் வெட்கத்தில் முகம் எரிந்தது.

இப்போது எந்தத் தண்ணீரைக் கண்டாலும் விரல் தானாகப் போகிறது. தெரியாததை வகுப்பில் தெரியாது என்றே சொல்லிவிடுகிறேன். டீக்கடையில் உன்னை ஒன்று கேட்டேனே, படிச்சவன் யாரென்று. நீ பதில் சொல்லாமலே போய்விட்டாய்.

நீதான்டா.