விளக்கு எரியாத மேடையில் உன் பாட்டு

என் மல்லிக் கண்ணுக்கு,

இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. சமையலறை மேசையில், உன் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து, காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் என்று எழுதுகிறேன். ஒரு வரி முடிந்ததும் பேனாவை வைத்துவிட்டு அதை வாசித்துப் பார்க்கிறேன். நான் நினைத்ததேதான் தாளிலும் இருக்கிறது. எழுபது தாண்டிய பிறகு இப்படி ஒரு சந்தோஷம் மிச்சம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே?

எடிசன் தமிழ்ச் சங்கத்தார் ஆண்டு மலரில் உன்னைப் பற்றிப் போடப் போகிறார்களாம். செயலாளர் அம்மா போன் செய்தார்.

"அங்கிள், நீங்க போன்ல சொல்லுங்க. நாங்க டைப் பண்ணிக்கறோம். அஞ்சு லைன் போதும்."

"நானே எழுதித் தர்றனுங்க."

"நீங்களா அங்கிள்?"

அந்தக் கேள்வியை நீ காதால் கேட்டிருக்க வேண்டும். மாடு கார் ஓட்டும் என்று சொன்னால்கூட அந்த அம்மா அவ்வளவு திகைத்திருக்க மாட்டார்.

அவர்கள் பெயரை இதில் எழுதப் போவதில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். அதை அவர்கள் பெயருக்குச் செலவழிக்க மனமில்லை. தலைவர், செயலாளர் அம்மா என்றால் போதும். அவர்களுக்கும் அதுதான் பிடிக்கும்.

மலரைப் படிக்கிறவர்களுக்காக உன் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ என் தங்கையின் ஒரே மகள். அமெரிக்காவில் இந்த எடிசன் ஊரிலேயே பிறந்து, அப்பா இல்லாமல் வளர்ந்தவள். சின்ன வயதில் யாரோ வீட்டு பேஸ்மென்டில் நடந்த கர்நாடகப் பாட்டு வகுப்பில் உன்னைச் சேர்த்தார்கள். "குரல் ஆம்பளைக் குரல் மாதிரி இருக்கு, டான்ஸ்ல போடுங்க" என்று டீச்சர் திருப்பி அனுப்பிவிட்டார். அதே குரலை, நியூவார்க்கில் உன் சிநேகிதி போகிற சர்ச்சில், கறுப்பினத்து அம்மாக்கள் முன்வரிசையில் நிறுத்தினார்கள். வயிற்றிலிருந்து பாடு, வெட்கப்படாதே என்று அவர்கள்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே வேண்டாம் என்று தள்ளியதை அங்கே தூக்கி வைத்துக்கொண்டார்கள். இங்கே யாருக்காவது அதில் வெட்கம் இருந்ததா?

அப்புறம் பெரிய பாடகர்களுக்குப் பின்னால் நின்று பாடினாய். ஊர் ஊராகப் போனாய். பிறகு உனக்கென்று ஒரு பாட்டு வந்தது. நான் கிரீன் கார்டு கிடைத்து வந்து இறங்கிய அன்று, ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியில், கார் ரேடியோவில் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள்.

"யாரு கண்ணு இது? அழுவறாளா, சிரிக்கறாளா?"

"ரெண்டும்தான் மாமா. அது நான்."

எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்த வகைப் பாட்டுக்கு 'சோல்' என்று பேர், ஆன்மா என்று அர்த்தம் என்றாய். மளிகை வாங்கப் போனால் கடையில் உன் பாட்டு. பல் டாக்டரிடம் போனால் அங்கேயும் உன் பாட்டு. ஊரெல்லாம் கேட்ட அந்தப் பாட்டு கேட்காத ஒரே இடம், பொங்கல் விழா நடக்கிற அந்தப் பள்ளிக்கூட மண்டபம்தான்.

நீயாகப் போய்த்தான் கேட்டாய். நானும் கூட நின்றேன். தலைவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பாப் பாட்டெல்லாம் நம்ம ஆடியன்ஸுக்கு செட் ஆகாதும்மா. ஒரு சினிமா பாட்டு ப்ரிப்பேர் பண்ணிட்டு வா. டின்னருக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் பாக்கலாம். டிரஸ் மட்டும் கொஞ்சம் டீசன்ட்டா."

காரில் ஏறியதும் நீ சிரித்தாய். "விடுங்க மாமா. பாவம், பசியில இருக்காங்க." ஆனால் நோய் வந்து படுத்த பிறகு, ஒரு நாள் நீயே சொன்னாய்: "அம்மா உக்காந்திருந்த ஹால் மாமா அது. அங்க ஒரு தடவை, ஃபுல்லா பாடணும்." அதை நான் மறக்கவில்லை.

ஆஸ்பத்திரி நாற்காலியில் மருந்து ஏறும் நேரம் போகவில்லை என்று ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் வாங்கி வந்தாய். இங்கே பிறந்த உனக்கும் தமிழ் படிக்கத் தெரியாது, அங்கே பிறந்த எனக்கும் தெரியாது. இரண்டு பேரும் தப்புத் தப்பாகப் படித்துச் சிரித்ததில் நர்ஸ் வந்து எட்டிப் பார்ப்பாள். பாதிப் புத்தகத்தில் நீ போய்விட்டாய். மீதியை நான் தனியாகப் படித்தேன். நீ பார்க்காத எழுத்துகள் இந்தக் கடிதத்தில் நிறைய இருக்கின்றன.

இப்போது நடந்த கதையைக் கேள்.

நீ போன செய்தி ஆங்கிலப் பேப்பரில் வந்ததும் சங்கத்தாருக்கு உன் மேல் பாசம் பொங்கிவிட்டது. அதே மண்டபத்தில் நினைவு நாள் வைத்தார்கள். உன் அம்மாவும் முன்னமே போய்விட்டதால், விளக்கேற்றத் தாய்மாமன் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். "மல்லி பாட்டைப் போடுவீங்களா?" என்று கேட்டேன். "கண்டிப்பா அங்கிள்" என்றார் தலைவர்.

சீக்கிரமே போய்விட்டேன். மேடையில் பெரிய பேனர். உன் படம் இருந்தது, பட்டுப் பாவாடையில், பன்னிரண்டு வயதில். வெள்ளிச் சட்டையும் மொட்டைத் தலையுமாக நீ நின்ற படம் அவர்களுக்கு டீசன்ட் இல்லை போல. படத்துக்குக் கீழே இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'தமிழிசைச் செல்வி'. அதற்கும் கீழே, 'மல்லிகா நினைவு கர்நாடக இசை விருது'. நான் படித்து முடிக்கும் வரை செயலாளர் அம்மா பக்கத்தில்தான் நின்றார். நான் படம் பார்க்கிறேன் என்று நினைத்திருப்பார்.

"பாட்டு எப்பங்க போடுவீங்க?"

"டைம் இல்ல அங்கிள். பசங்க ஒரு பஜன் பாடறாங்க, அதுவே ட்ரிப்யூட்தான்."

உன்னைத் திருப்பி அனுப்பிய அதே கர்நாடக இசைக்கு உன் பெயரில் விருது. உயிரோடு இருந்தபோது ஐந்து நிமிடம் தராதவர்கள், செத்த பிறகு உன்னை வேறு ஒருத்தியாக்கி வைத்துக்கொண்டார்கள். இவ்வளவு சின்ன மனசை வைத்துக்கொண்டு எப்படி இவ்வளவு பெரிய பேனர் அடிக்கிறார்கள்?

அந்த மண்டபத்து விளக்கு உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் நெருப்பு கூடாது என்பதால் பிளாஸ்டிக் குத்துவிளக்கு. பெரிய மனிதர்கள் எரியாத மெழுகுவத்தியை நீட்டுவார்கள், செயலாளர் அம்மா ரிமோட்டை அமுக்குவார், குட்டி பல்பு எரியும், எல்லோரும் பக்தியோடு கை தட்டுவார்கள். கூட்டம் சேரும்வரை நான் விளக்குப் பக்கத்தில் தனியாக இருந்தேன். அடியில் இருந்த மூடியைத் திறந்து, பாட்டரியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

என் முறை வந்தது. மெழுகுவத்தியை நீட்டினேன். எரியவில்லை. செயலாளர் அம்மா மறுபடி அமுக்கினார்.

"பாட்டரி டெட்டா?" தலைவர் பல்லைக் கடித்தார்.

"காலைலதான் சார் மாத்தினேன்."

மைக் என் பக்கத்தில் இருந்தது. "என்ற சட்டைப் பையிலதான் பாட்டரி இருக்குதுங்க. மல்லி பாட்டை முழுசாப் போடுங்க, தர்றேன்" என்றேன்.

"அங்கிள், திஸ் இஸ் நாட் நைஸ். கெஸ்ட் எல்லாம் வெய்ட் பண்றாங்க."

"தாய்மாமன் முறுக்கிக்கிட்டா விசேஷம் நிக்கும்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? சம்பிரதாயம்னுதான கூப்பிட்டீங்க? இதும் சம்பிரதாயந்தான்."

முன்வரிசையில் ஒரு பெரியவர், "மாமன் சொல்றது சரிதானே, போட்டு விடுங்கப்பா" என்றார். மனிதருக்குப் பசி போல. பாராட்டு விழாவில் நாள் முழுக்க உட்காருவார்கள், பட்டினியில் ஒரு நிமிடம் தாங்க மாட்டார்கள்.

செயலாளர் அம்மா தன் போனை மைக்கில் வைத்தார். முதலில் கார் விளம்பரம் வந்தது. கழுத்தில் போட்ட மாலையோடு தலைவர் அதையும் மரியாதையாக நின்று கேட்டார். பிறகு நீ வந்தாய்.

பாதிப் பேர் தட்டெடுக்கப் போய்விட்டார்கள். போகட்டும், காதைச் சாம்பாரில் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் பிள்ளைகள் போகவில்லை, கண்ணு. தமிழில் ஒன்று கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற பிள்ளைகள். உதட்டை அசைத்துக் கூடவே பாடினார்கள். தலைவர் மகளுக்கு ஒரு வரி விடாமல் தெரிந்தது. அவர் அவளைப் பார்த்தார், அவள் அவரைப் பார்க்கவில்லை. உன் பாட்டு யாருக்கு செட் ஆகாது என்று சொன்னாரோ, அந்தக் கூட்டம் அவர் வீட்டிலேயே வளர்ந்திருக்கிறது.

உன் அம்மா எப்போதும் உட்காரும் மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டேன். கடைசியில் பாட்டு நின்ற பிறகு நீ லேசாகச் சிரிப்பாயே, அதுவரை முழுசாகக் கேட்டேன். கேட்டதா உனக்கு? அம்மாவுக்கு?

சொன்ன சொல் தவறவில்லை, பாட்டரியைக் கொடுத்துவிட்டேன். விளக்கு எரிந்தபோது கை தட்ட ஆள் இல்லை. எல்லோரும் பாயசத்தில் இருந்தார்கள்.

இந்தக் கடிதத்தில் ஒரு எழுத்தைக்கூட வெட்டக் கூடாது என்று சொல்லித்தான் கொடுக்கப் போகிறேன். வெட்டினால் நகல் எடுத்துக்கொண்டு நம்மவர்கள் எல்லோரும் வந்துபோகிற ஓக் ட்ரீ ரோட்டில் மளிகைக் கடை வாசலில் நிற்பேன். எனக்கு வேறு வேலை இல்லை.

அடுத்த வருடமும் விருது கொடுப்பார்களாம். விளக்கேற்ற என்னைத்தான் கூப்பிட வேண்டும், உனக்கு வேறு மாமன் கிடையாது. விளக்கின் மூடிக்கு இந்த முறை ஸ்க்ரூ போட்டிருப்பார்கள். நான் ஸ்க்ரூ டிரைவரோடு வருவேன், கண்ணு. உன் பாட்டு அங்கே மறுபடியும் கேட்கும்.

முறுக்கிக்கொண்டே இருக்கும்,
உன் தாய்மாமன்