நின்று பிடிக்கிற பந்து

மார்ச் 4, செவ்வாய்

கட்டுப் பிரித்தார்கள். இடது தொடை என்னுடையது. வலது தொடை யாரோ பள்ளிக்கூடப் பையனுடையது. அறுவை சிகிச்சை முடிந்து மூன்றே வாரத்தில் இவ்வளவு கரையுமா? கரையும் என்றார் டாக்டர், சோப்பைப் பற்றிச் சொல்வது போல.

கிழிந்த தசைநாருக்குப் பதிலாகத் தொடையின் பின்பக்கத்திலிருந்து கயிறு மாதிரியான ஒரு நாணை எடுத்து முட்டிக்குள் கோத்திருக்கிறார்கள். படம் காட்டினார். எலும்பில் போட்ட துளைகள் கச்சிதமான கோணத்தில் இருக்கின்றன. வேலை தெரிந்த ஆள்தான். ஆனால் மறுபடி கோல் போஸ்ட்டுக்கு முன்னால் நிற்க ஒன்பது மாதம் என்கிறார்.

ஆகஸ்டில் லீக் இறுதிப் போட்டி. மண்டல அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் அதைப் பார்க்க வருவார்கள். இருபத்தைந்து வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். அடுத்த வருட ஆகஸ்டில் எனக்கு இருபத்தாறு. ஆகவே ஒன்பது மாதம் என்பது எனக்கு விடையே இல்லை. ஆறில் வர வேண்டும்.

என் அறை மூன்றாவது மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. அதனால் அக்கா வீட்டில் இருக்கிறேன். அக்கா பரவாயில்லை. மாமாதான் தொல்லை. அவரும் எங்கள் கம்பெனிதான் - அவர் கணக்குப் பிரிவு, நான் பம்ப் சோதனைப் பிரிவு. கம்பெனி அணியில் நான் கோல்கீப்பர், அவர் மாற்று கோல்கீப்பர். எனக்கு முன்னால் இருந்தவருக்கும் அவர்தான் மாற்று. முப்பத்து நாலு வயதில் முதல் தடவையாக ஒரு சீசன் முழுக்க விளையாடப் போகிறார், என் முட்டி புண்ணியத்தில்.

“உன் முட்டிக்கு ஒரு மாலை வாங்கிப் போடணும் மாப்ள” என்கிறார். சிரிப்பு வரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஊன்றுகோலோடு மைதானத்துக்குப் போனேன். மாமா விசில் ஊதும் முன் தலை வாரினார். கோல்கீப்பர் தலை வாருவதை இன்றுதான் பார்க்கிறேன்.

இரண்டு - பூஜ்யம், ஜெயித்தோம். மாமா ஒரு தடவைகூடக் கீழே விழவில்லை. ஜெர்ஸியில் ஒரு பொட்டு மண் இல்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி நின்றார். எதிரணி அடித்ததெல்லாம் நேராக அவர் நெஞ்சுக்கே வந்தது. இப்படியும் ஓர் அதிர்ஷ்டக்காரர்.

திரும்பும்போது காரில்:

“எப்டி மாப்ள?”

“பந்து உங்களத் தேடி வருது மாமா.”

“அழகா இருந்தா எல்லாரும்தான் தேடி வருவாங்க.”

“நான் வண்டி ஓட்டிட்டிருக்கேன், சிரிக்க வைக்காதீங்க” என்றாள் அக்கா. அவள் சிரிக்கவெல்லாம் இல்லை. ஆனால் வழி முழுக்க முகம் பளபளவென்று இருந்தது.

மார்ச் 12, புதன்

பிசியோ. துண்டைச் சுருட்டி முட்டிக்குக் கீழே வைத்து அழுத்து என்கிறார் அந்த அம்மா. பிறகு விடு. மறுபடி அழுத்து. இதற்கா படித்தீர்கள் என்று கேட்டே விட்டேன்.

“இன்ஜினியர், முட்டிய முறைச்சா அது பயந்துடாது. அழுத்துங்க.”

மார்ச் 20, வியாழன்

ஜிம் அண்ணன் போன் செய்தார். நான் முன்பு எடை தூக்கப் போன ஜிம்முக்குச் சொந்தக்காரர். அவருக்கும் ஒரு காலத்தில் முட்டி போயிற்றாம், ஊசி போட்டு அரை வருடத்தில் எழுந்தாராம்.

“ஸ்டீராய்டுதான தம்பி, என்னமோ கஞ்சா மாதிரி பயப்படற. டாக்டருங்களே குடுக்கறது.”

டாக்டர் வீக்கத்துக்குக் கொடுப்பது வேறு, இது வேறு. அதுகூடத் தெரியாதவனா நான்? தெரிந்துதான் கேட்டுக்கொண்டிருந்தேன். இது தசையை வளர்க்கிற ஹார்மோன். என் குறையும் தசைதான். கணக்கு நேராக இருக்கிறது. நேரான கணக்கு எனக்குப் பிடிக்கும்.

மார்ச் 21, வெள்ளி

வாங்கி வந்துவிட்டேன். காலுறைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். எண்ணெய் மாதிரி, லேசான மஞ்சள். பார்க்க அப்பாவியாக இருக்கிறது.

மார்ச் 25, செவ்வாய்

பிசியோ அம்மாவிடம் சுற்றி வளைக்காமல் கேட்டேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். கையில் இருந்த பட்டையைச் சுருட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

“தொடை ஏறும். சீக்கிரமே ஏறும். ஆனா உள்ள கோத்திருக்காங்களே நாண், அது இப்போ பாதி செத்த நிலையில இருக்கு. புதுசா ரத்த ஓட்டம் வந்து, அது மெதுவா உயிர் பிடிக்கணும். இப்போதான் அது ரொம்ப பலவீனமா இருக்கற நேரம். அந்த வேகத்த உங்க ஊசி மாத்தாது.”

“அதாவது மோட்டார் மட்டும் பெருசாகும். அத பம்போட இணைக்கற கப்ளிங் பழையது.”

“எனக்கு மோட்டார் தெரியாது. இழுக்கற தொடைக்குப் பலம், தாங்கற நாணுக்கு இல்ல. எது அறும்னு நீங்களே சொல்லுங்க. அப்புறம் உங்க உடம்பு சொந்தமா ஹார்மோன் செய்யறத நிறுத்திடும். இதயம், ஈரல் எல்லாத்துக்கும் அடி. யோசிச்சுக்கோங்க.”

செத்த நாணுக்குள் ரத்தக்குழாய் முளைத்து அது தசைநாராகவே மாறிவிடுகிறதாம். எங்கள் சோதனைக்கூடத்தில் எந்தப் பாகமும் பொருத்திய பிறகு தானாகத் தரம் உயர்ந்ததில்லை. கொஞ்ச நேரம் என் முட்டியை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் - நாண் கொஞ்சம் பிடித்த பிறகு ஆரம்பித்தால்? மே மாதத்தில்? இல்லை, அதற்குள் நாள் போய்விடும்.

ஏப்ரல் 2, புதன்

காலையில் அக்காவும் மாமாவும் கிளம்பிய பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மருந்தை ஊசியில் ஏற்றினேன். ஸ்பிரிட் பஞ்சு வாங்க மறந்துவிட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது. சுத்தம் செய்யாமல் எதையும் பொருத்துவது என் வழக்கமில்லை. அதனால் போடவில்லை.

மருந்துக் கடை எதிர்ப்பக்கம்தான். போய் வாங்கியிருக்கலாம். ஏன் போகவில்லை? ஊன்றுகோலால்தான் என்று எழுதினால் அது பொய்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மறுபடி ஜெயித்தோம். மாமா இந்த சீசனில் இன்னும் ஒரு கோல்கூட விடவில்லை. மறுபடி எல்லாப் பந்தும் நேராக அவரிடமே.

ஒரு தடவை என்றால் அதிர்ஷ்டம். வாரா வாரம் அதே அளவு வந்தால் அதற்கு வேறு பெயர். ஒரு பம்ப் இப்படிச் சீராக ஓடினால் ‘அதிர்ஷ்டக்கார பம்ப்’ என்று நான் அறிக்கை எழுதுவேனா? மனுஷன் ஏதோ செய்கிறார். என்னவென்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருப்பது எரிச்சலாக இருக்கிறது.

ஏப்ரல் 7, திங்கள்

மாமாவிடம் சொல்லிவிட்டேன். மறைத்து வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் சாப்பிடுவது எனக்கு வராது. அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

“மாமா, ஸ்டீராய்டு வாங்கி வச்சிருக்கேன். ஆகஸ்டுக்குள்ள வரலாம்னு.”

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“அப்ப நான் மறுபடி பெஞ்சு.”

“அதுக்காக இல்ல மாமா...”

“அட, பெஞ்சு எனக்கு மாமியார் வீடு மாதிரி. போனா உபசாரம்தான். போடு. போட்டேன்னா நான் என்ன செய்வேன் தெரியுமா? ஆபீஸ் முழுக்கச் சொல்லுவேன். மச்சான் என்னப் பாத்து பயந்துபோய் ஊசி போட்டுக்கிட்டான்னு. எனக்கு அதைவிடப் பெரிய பட்டம் கிடைக்குமா?”

“மாமா, விளையாடாதீங்க.”

“நான் விளையாடலடா. இத்தன வருஷத்துல இப்பதான் விளையாடறேன்.” மறுபடி இஸ்திரியை எடுத்துக்கொண்டார். “நவம்பர்ல நல்ல காலோட வந்து என்னப் புடிச்சுத் தள்ளு. தள்ளிப் பாரு. உன்னால முடியலேன்னா எனக்கு சந்தோஷம். மருந்து வந்து தள்ளினா நான் யார்கிட்ட போய்ச் சண்ட போடறது?”

அதற்குள் சட்டைக் காலர் கருகிவிட்டது. அக்காவிடம் என்னைக் கைகாட்டினார்.

எனக்குக் கோபம். யார் மேல்? பயந்துவிட்டேனா நான்? அவரைப் பார்த்தா?

ஆமாம். கொஞ்சம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்று ஒரு காரியம் செய்தேன். ஆட்டம் முழுக்கப் பந்தைப் பார்க்கவில்லை. மாமாவை மட்டும் பார்த்தேன்.

அடேயப்பா.

மனுஷன் நிற்பதே இல்லை! நிற்கிற மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். எதிரணி ஆள் தலையை நிமிர்த்துகிறான் - மாமா அரை அடி இடது பக்கம். அவன் இடுப்பைத் திருப்புகிறான் - இன்னும் கொஞ்சம் முன்னால். அவன் உதைக்கிற நேரத்தில் இவர் ஏற்கனவே அங்கே போய்ச் சேர்ந்து பந்துக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். அதுவரை வாய் ஓய்வதில்லை. “உள்ள வா, உள்ள வா, அவன் இடதுகால்காரன், அவன வெளியவே விடு” என்று முன்னால் நிற்கிற எங்கள் டிஃபெண்டர்கள் இருவரையும் கயிறு கட்டி இழுப்பது போல இழுக்கிறார். பாதி ஷாட் அடிக்கப்படுவதே இல்லை. அடிக்க வழியே இருக்காது. நான் பாய்ந்து பிடிக்கிற பந்தை அவர் நின்று பிடிக்கிறார்.

கார்னர் ஒன்று வந்தது. நானாக இருந்தால் காற்றில் பறந்திருப்பேன், எல்லாரும் எழுந்து கத்தியிருப்பார்கள். மாமா மூன்று பேருக்கு நடுவே நடந்துபோய், பரணிலிருந்து டப்பா எடுப்பது போல எடுத்தார். எனக்குச் சத்தமாகச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த கோச் என்ன என்றார். ஒன்றுமில்லை என்றேன். என்னத்தைச் சொல்ல? மூன்று வருடம் இந்த ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தண்ணீர் பாட்டில் கேட்டுக்கொண்டிருந்தேன் என்றா?

வீட்டில் கேட்டேன்.

“மாமா, அவன் உதைக்கறதுக்கு முன்னாடியே எப்டி அங்க போறீங்க?”

“எங்க போறேன்?”

“அரை அடி நகர்றீங்க. ஒவ்வொரு தடவையும்.”

“நானா?” நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “உங்கக்காகிட்ட சொல்லாத. எனக்குப் பாயறதுன்னாலே பயம் மாப்ள. விழுந்தா வலிக்குமே. அதான் விழாம எப்டித் தப்பிக்கறதுன்னு பாத்துப் பாத்து...”

முட்டி போன அன்று நான் தப்பான இடத்தில் நின்றிருந்தேன். அங்கிருந்து பாய்ந்துதான் தீர வேண்டும். பாய்ந்தேன். பந்து கையில், கூட்டம் எழுந்து நின்று கத்தியது, தரையில் இறங்கும்போது முட்டி திரும்பியது. அந்தப் பாய்ச்சலை இன்னும் பெரிதாக்கத்தான் மருந்து வாங்கியிருக்கிறேன். பழுது ஓரிடம், நான் மாற்றப் பார்த்தது வேறிடம். என் பிரிவில் வேறொருவன் இப்படி வேலை செய்திருந்தால் அங்கேயே நிற்க வைத்துத் திட்டியிருப்பேன்.

ஏப்ரல் 14, திங்கள்

ஜிம் அண்ணனிடம் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். “என்ன தம்பி, கடைசியில பின்வாங்கிட்டியே” என்றார். ஆமாம் என்றேன். அவர் வாதத்துக்குத் தயாராக இருந்தார், பாவம், நான் இடம் கொடுக்கவில்லை.

அப்படியானால் ஆகஸ்ட் இல்லை. மண்டல அணி போச்சு. எழுதினால் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. போச்சு.

அக்கா எதுவும் கேட்கவில்லை. சாப்பிடும்போது என் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், “தூங்குடா, போ” என்றாள். அவளுக்குத் தெரியும் போல. மாமா வாயில் எது தங்கும்?

மே 18, ஞாயிறு

பிசியோ அம்மாவிடம் இனி அவசரப்படுத்த மாட்டேன் என்றேன். “இதையும் அவசரமாத்தான் சொல்றீங்க” என்றார்.

ஜூன் 24, செவ்வாய்

ஓடினேன். நேர்க்கோட்டில், மெதுவாக, கிழவனைப் போல. ஆனால் ஓடினேன்!

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இறுதிப் போட்டி. ஒன்று - பூஜ்யம், தோற்றோம். கடைசி நேரத்தில் பந்து எங்கள் ஆள் காலிலேயே பட்டுத் திரும்பி உள்ளே போனது. யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. மாமா மட்டும் அப்படி நினைக்கவில்லை. விசில் ஊதிய பிறகும் வெகுநேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்கு முன்னால் அவர் ஆடிய ஆட்டத்தை என்னவென்று எழுதுவது? எதிரணியின் மிக நல்ல ஆள் தனியாகப் பந்தோடு வந்தான். மாமா பாயவில்லை. இரண்டு அடி முன்னால் வந்து நின்றார். அவன் வலது பக்கம் பார்த்தான், இடது பக்கம் பார்த்தான், கடைசியில் பந்தை மாமா கையிலேயே கொடுத்துவிட்டுப் போனான். கொடுத்துவிட்டு அவனே தலையை ஆட்டிக்கொண்டான், ரசித்து. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மண்டல அணிக்கு ஆள் எடுக்கிறவர் எனக்கு இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்தார். இடைவேளையில் என் பக்கம் சாய்ந்தார்.

“உங்க கோல்கீப்பருக்கு என்ன வயசு?”

“முப்பத்தி நாலு சார்.”

உச்சுக்கொட்டினார். “பத்து வருஷம் முன்னாடி எங்க இருந்தாரு இந்த ஆளு?”

“இதே டீம்லதான் சார். பெஞ்சுல.”

அவர் என்னைப் பார்த்தார், நான் ஏதோ தமாஷ் பேசுகிறேன் என்பது போல. நான் யாரென்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சமையலறையில் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“நெஜமாவா கேட்டாரு?”

“நெஜமா.”

“அவர்கிட்ட சொல்லாதடா. தாங்க மாட்டாரு.”

அதுவும் சரிதான். இதைக் கேட்டால் மனுஷன் ஆயுசு முழுக்கச் சொல்லிச் சொல்லியே நம்மைக் கொன்றுவிடுவார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் மாமாவிடம் சொல்லிவிட்டேன். ஒரு ஜோக்கும் வரவில்லை.