முருங்கைக்காய் வாள்

செவன் கிங்ஸ்,
14.3.1988

என்ர பாசமுள்ள பெர்னடெற் மச்சாளுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமாயிருந்து அந்தப் பேப்பர் ஒபிசைக் கலக்க வேணுமெண்டு மாதாவை மண்டாடுறன். போனிலை கதைச்சிருக்கலாம். ஆனா அப்பா, உங்கட யேசுரட்ணம் மாமா, டயலுக்குப் பூட்டுப் போட்டிட்டார். நான் ரேடியோக்காரருக்குப் போன் எடுத்து, அப்பாவின்ர குரலிலை ஒரு காதல் பாட்டுக் கேட்டனான். அதையும் அவர் பேரைச் சொல்லி ஒலிபரப்பிப் போட்டினம். கோயில் முடிஞ்சு வரேக்கை சனம் முழுக்க அவரைப் பாத்துச் சிரிச்சதாம். போனுக்கு ஆயுள் தண்டனை.

இனி விசயத்துக்கு வாறன். பெனடிக்ற் அண்ணை அப்டன் பார்க்கிலை பாலசுப்பிரமணியன் அங்கிளின்ர கடையிலை நிக்கிறவரெல்லே? போன சனி பின்னேரம் அவருக்குச் சோறு கொண்டு போனனான். புட்போல் மேட்ச் முடிஞ்சு வந்த நாலைஞ்சு வெள்ளைப் பெடியள் கடைக் கண்ணாடியை உடைச்சு, மரக்கறியைத் தூக்கி றோட்டிலை எறிஞ்சாங்கள். அண்ணைதான் பொலிசுக்குப் போன் எடுத்தவர். வந்தினம் மச்சாள், நூறு பொலிஸ்! உடைச்சவங்கள் பாடிக்கொண்டு ரெயிலுக்குப் போறாங்கள். இவையள் வந்து பெனடிக்ற் அண்ணையைப் பிடிக்கினம். அண்ணை லேசுப்பட்ட ஆளே? மன்னார் நாட்டுக்கூத்திலை வாற ராசா மாதிரி, முருங்கைக்காயை வாளாச் சுழட்டிக்கொண்டு நிண்டவர்.

பகிடி அவ்வளவுதான். என்ர கண்ணுக்கு முன்னாலை அடிச்சவை. அண்ணைக்கு இடக்காது கேக்குதில்லை. பொலிசை அடிச்சதெண்டு அவரிலையே கேஸ் போட்டிருக்கினம். அவற்ர அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. குற்றவாளி எண்டு வந்தால் திருப்பி அனுப்பிப் போடுவினமெண்டு அம்மா சாப்பிடுறாவே இல்லை. நீங்கள் எழுதுங்கோ மச்சாள். உங்களை விட்டால் எங்களுக்குப் பேப்பரிலை ஆர் இருக்கினம்?

இப்படிக்கு,
செவன் கிங்ஸின் எட்டாவது ராசா,
அஞ்சலீனா


லண்டன்,
19.3.1988

என்ர குழப்படிக்காரிக்கு,

உன்ர கடிதத்தை ஒபிசிலை இங்கிலிசிலை வாசிச்சுக் காட்டினன். முதல் சிரிச்சவை. பிறகு பொலிஸ் அடிச்ச இடத்தைத் திருப்பி வாசிக்கச் சொன்னவை.

ரெண்டு வருசமா இப்பிடிக் கேசுகளைத் தேடித் திரியிறன். சவுத்தோலிலை ஒரு பெடியன், பிரிக்ஸ்டனிலை ஒரு தாய். எல்லாருமே பயந்து பயந்து, செத்த குரலிலை சொல்லுவினம். எடிட்டர் மூலையிலை ஒரு பெட்டிச் செய்தியாப் போட்டிட்டு விட்டிடுவார். உன்ர குரலுக்கு உயிர் இருக்கு. "இதுதான் கதை" எண்டு அவரே சொல்லிப் போட்டார். ரெண்டு பக்கம் தாறாராம்.

உன்ர பேர் வராது. அது என்ர பொறுப்பு. ஞாயிறு வந்து உன்னோடையும் பெனடிக்றோடையும் இருந்து ஆறுதலாக் கதைக்கிறன். அம்மாவைச் சாப்பிடச் சொல்லு.

அன்பு மச்சாள்,
பெர்னடெற்


செவன் கிங்ஸ்,
11.4.1988

ரெண்டு பக்க ராணி மச்சாளுக்கு,

ஞாயிறு வருவீங்களெண்டு அம்மா கணவாய்க் கறி வைச்சவ. நீங்கள் வரேல்லை, பேப்பர் வந்தது. கணவாயை நானே திண்டன். பேப்பரை அப்பா திண்டிருப்பார், நான்தான் பறிச்சு வைச்சிருக்கிறன்.

நல்லா எழுதியிருக்கிறீங்கள். என்ர டீச்சரும் வாசிச்சவ. ஆனா மச்சாள், அந்த வாள் கதையை ஏன் போட்டனீங்கள்? நூறு பொலிசையும் போட்டிருக்கிறீங்கள். அது உங்களுக்கு எழுதினது, நாங்கள் வீட்டிலை கதைக்கிற கதை. "தவக்காலத்திலை ஒரு ஆட்டையே திண்டிட்டன்" எண்டு உங்கட யேசுரட்ணம் மாமா சொன்னால் ஆராவது போய் ஆட்டைத் தேடுவினமே? என்ர பேரைப் போடேல்லைத்தான். தங்கச்சி எண்டு போட்டிருக்கிறீங்கள். அண்ணைக்கு நான் ஒரு தங்கச்சிதானே.

அண்ணையின்ர லோயர் வாசிச்சுப் போட்டுத் தலையிலை கை வைச்சிட்டார். நீங்கள் கோட்டுக்கு வந்து, அது பகிடிக்கு எழுதினது, எங்கட ஆக்கள் இப்பிடித்தான் கதைக்கிறவை எண்டு சொன்னால் போதுமாம். வருவீங்கள்தானே? இந்த முறை கணவாயை மிச்சம் பிடிச்சு வைக்கிறன்.

கொஞ்சம் நடுங்குகிற எட்டாவது ராசா,
அஞ்சலீனா


லண்டன்,
2.9.1988

அன்புள்ள அஞ்சலீனாவுக்கு,

பதில் பிந்திப் போச்சு, குறை நினையாதை. பெனடிக்றின்ர லோயரின்ர கடிதமும் வந்தது. எங்கட பேப்பர் லோயரோடை கதைச்சன். தன்னட்டைச் சொன்ன ஆளைப் பற்றி ஒரு பத்திரிகைக்காரி கோட்டிலை ஏறி வாய் திறக்கக் கூடாதாம். இண்டைக்கு உனக்காகத் திறந்தால், நாளைக்கு வேற ஆரும் என்னை நம்பிக் கதைக்க மாட்டினம். இந்த வேலையே நம்பிக்கையிலைதான் நடக்குது.

உண்மை உன்ர பக்கம் இருக்கு. பயப்பிடாமல் சொல்லு. அந்தக் கட்டுரைக்குப் பிறகு எத்தினை குடும்பங்கள் என்னைத் தேடி வந்திருக்கெண்டு தெரியுமே? அதைத் தொடக்கி வைச்சது நீ.

அன்புடன்,
பெர்னடெற்


செவன் கிங்ஸ்,
25.11.1988

பெர்னடெற் மச்சாளுக்கு,

கேஸ் முடிஞ்சுது. நீங்கள் வராதபடியால் எழுதுறன்.

நான் சாட்சி சொன்னனான். பொலிஸ் பக்கத்துப் பரிஸ்டர் உங்கட பேப்பரைக் கையிலை வைச்சிருந்தவர். "இது உன்ர வாயாலை வந்த சொல்லோ?" எண்டு கேட்டார். ஓம் எண்டன். நூறு பொலிசை வாசிச்சார். வாளை வாசிச்சார். அது பகிடி எண்டன். "அப்ப நீ சொன்னதிலை எது பகிடி இல்லை?" எண்டு கேட்டார்.

ஜூரி சிரிச்சவை. என்ர ஒரு பகிடிக்கு அத்தினை பேர் ஒண்டாச் சிரிச்சது அண்டைக்குத்தான். பொலிஸ்காரரும் அதைத்தான் சொல்லியிருந்தவை: அண்ணை தடி மாதிரி ஒண்டை ஓங்கினவராம். அதுக்கு ஒரு சாட்சி இல்லாமல் நிண்டவை. சாட்சியாய் என்ர கடிதத்தைக் குடுத்திருக்கிறம், நீங்களும் நானும்.

ஆறு மாதம் மறியல். சிறைக்குக் கூட்டிக்கொண்டு போகேக்கை அண்ணையைக் கூப்பிட்டனான். நான் நிண்டது இடப்பக்கம். அவர் திரும்பேல்லை.

அஞ்சலீனா


லண்டன்,
6.2.1995

அன்புள்ள அஞ்சலீனாவுக்கு,

எத்தினை வருசம்! நீ வளர்ந்திருப்பாய். நான் இப்ப பெரிய பேப்பருக்கு மாறிட்டன், அறிஞ்சிருப்பாய். போன வருசம் ஒரு பரிசும் கிடைச்சது. மேடையிலை அந்த முதல் கட்டுரையைத்தான் வாசிச்சவை. முருங்கைக்காய் வாற இடத்திலை ஆக்கள் கண்ணைத் துடைச்சவை.

பொலிசும் நிறவெறியும் பற்றி என்ர கட்டுரையளைச் சேர்த்து ஒரு புத்தகம் போடினம். உன்ர கடிதத்தை முழுசா முதல் பக்கத்திலை வைக்க விருப்பம். இந்த முறை உன்னட்டைக் கேட்டுத்தான் செய்வன். உன்ர பேரும் வரலாம், பெருமையா. பெனடிக்ற் எப்பிடி இருக்கிறான்?

என்றும் அன்பு மச்சாள்,
பெர்னடெற்


செவன் கிங்ஸ்,
20.2.1995

செல்வி பெர்னடெற் செபமாலைமுத்து அவர்களுக்கு,

உங்கட கடிதம் கிடைச்சது.

மறியலாலை வந்த பிறகு அண்ணையின்ர அகதிக் கேஸைத் தள்ளிப் போட்டினம். திருப்பி அனுப்ப முதல் பிரான்சுக்குப் போயிட்டார். அங்கை ஒரு சாப்பாட்டுக் கடையிலை கோப்பை கழுவுறார். எங்கட போனிலை இப்ப பூட்டு இல்லை. அவர் எடுக்கிற நேரம் அம்மா பலத்துக் கத்திக் கதைப்பா. அப்பா அறையை விட்டு வெளியிலை வாறேல்லை. நான் ஒரு கவுன்சில் ஒபிசிலை வேலை செய்யிறன். சிரிக்கத் தெரியாதவள் எண்டு அங்கை எனக்குப் பேர்.

பழைய கடிதத்தைப் போட எனக்குச் சம்மதமில்லை. வேணுமெண்டால் இதைப் போடுங்கோ:

பொலிஸ் மூண்டு பேர் வந்தவை. ரெண்டு பேர் அண்ணையைப் பிடிச்சவை. ஒராள் அடிச்சவர். அண்ணையின்ர கையிலை ஒண்டும் இருக்கேல்லை. முருங்கைக்காய் எல்லாம் றோட்டிலை கிடந்தது.

எனக்கு அப்ப பதினாறு வயசு. எத்தினை பேர் வந்தவை, கையிலை என்ன இருந்தது எண்டு பேப்பரிலை போட முதல் ஆராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். எது பகிடி இல்லையெண்டு பரிஸ்டர்கூட ஒருக்காக் கேட்டவர். நீங்கள் கேக்கேல்லை.

யேசுரட்ணம் அஞ்சலீனா